பந்திக்கு எழாதவர்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
5.11.2007

சபைச் செயலாளர் திரு. தேவதாஸ் அவர்களுக்கு,

நேற்றுக் காலை ஆராதனைக்கு வந்த என்னைத் தங்கள் சபையின் வாசலில் இருவர் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் காணிக்கைப் பை பிடிப்பவர். சென்ற கிறிஸ்துமஸுக்கு என் வீடு தேடி வந்து கேக் கொடுத்தவர். "சார், உங்கள உள்ள விட வேணாம்னு கிளாட்வின் ஐயர் சொல்லியிருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எந்த வகையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதைத் தங்கள் போதகர் கிளாட்வின் அவர்கள் சுற்றறிக்கையாக வெளியிட்டால் நன்று.

ஆயினும் நான் எழுதுவது அதற்காக அல்ல. கத்தோலிக்கன் ஒருவனைப் புராட்டஸ்டண்ட் கோயில் வாசலில் நிறுத்துவது வரலாற்றில் புதிய செய்தியன்று. மதில் ஓரமாக நின்று கேட்டேன். போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னார். பிறகு ஓர் அமைதி. அதன்பின் ஆர்மோனியம் மட்டும் தனியாக அலைந்தது. நாலு குரல்கள் நாலு சுருதியில் புறப்பட்டு, இரண்டாம் அடியில் ஒன்றையொன்று இழந்தன. வழக்கமாகப் பாட்டை எடுத்துக்கொடுக்கும் தையல்நாயகி உள்ளே இல்லை என்பதை அப்போதே அறிந்தேன். வெளியே வந்தவர்களிடம் கேட்டேன். மூன்று ஞாயிறுகளாக அவர் வருவதில்லை என்றார்கள். காரணம் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "நீங்கதான சார் எழுதுனீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

எனவே நான் எழுதியதை மீண்டும் ஒரு முறை, பதிவுக்காக, எழுதுகிறேன்.

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளின் வழிபாட்டு முறை குறித்து நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருவது தாங்கள் அறிந்தது. ஐம்பத்து நான்கு வயதில், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்கிறேன். சென்னையிலுள்ள என் நெறியாளர் பேராசிரியர் ஹரிகிருஷ்ணன், "வாராவாரம் எடுக்கும் குறிப்புகளைப் பெட்டியில் பூட்டாதீர்கள், வலைப்பதிவில் போடுங்கள், படிப்பவர்கள் திருத்துவார்கள்" என்றார். சென்ற ஜூனில் தொடங்கினேன். பாவ அறிக்கையின்போது தங்கள் சபையார் முழந்தாளிடும் விதத்தைப் பற்றி எழுதிய இடுகைக்குத் தாங்களே தங்கள் பெயரில் "அருமை, தொடரவும்" என்று பின்னூட்டம் இட்டீர்கள். அது இன்னும் அங்கே இருக்கிறது.

அக்டோபரில் 'பந்திக்கு எழாதவர்' என்ற இடுகையை வெளியிட்டேன். அதில் என்ன பொய்? போதகர் எண்ணைச் சொன்னதும் சபையில் ஒருவரும் பாடத் தொடங்குவதில்லை. பெண்கள் பக்கத்தின் கடைசிப் பாயில் அமர்ந்திருக்கும் தையல்நாயகி முதல் அடியை எடுத்த பிறகே மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். ஆர்மோனியக்காரர்கூட அவர் சுருதியைத்தான் தேடிப் பிடிக்கிறார். பந்தி எனப்படும் திருவிருந்தின்போது சபையார் வரிசை வரிசையாக எழுந்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போகிறார்கள். அவர் மட்டும் எழுவதில்லை. எழாததனால்தான் பாட்டு அறுபடாமல் நிற்கிறது. உட்கார்ந்தே இருந்தவர்கள் இருவர்: கத்தோலிக்கனாகிய நான், அவர். ஏன் போவதில்லை என்று கேட்டேன். "எனக்கு ஞானஸ்நானம் இல்லீங்க சார்" என்றார். இதை எழுதினேன். போதகரையும் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தையும் நம்பி எழுந்த ஒரு மரபு, தன் பாட்டை ஞானஸ்நானம் பெறாத பெண்ணொருத்தியின் தொண்டையில் ஒப்படைத்திருக்கிறது என்றும், அப்பத்துக்கு எழாதிருப்பது அவர் தம் மனசாட்சியின்படி செய்யும் உயர்ந்த மறுப்பு என்றும் எழுதினேன். அது பாராட்டு. பாராட்டைக் குற்றப்பத்திரிகையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் சபையில்தான் இருக்கிறார்கள்.

தையல்நாயகியை விலக்கியது யார், எந்த அதிகாரத்தில், என்ன சொற்களில் என்பதை எழுத்து மூலமாக எனக்குத் தெரிவிக்கக் கோருகிறேன். தெரிவிக்காவிடில், தெரிந்த அளவை நான் வெளியிடுவேன்.

இப்படிக்கு,
ச. அமலநாதன்
வரலாற்றுத் துறை

---

முத்தியால்பேட்டை
11.11.2007

அமலா,

"முசே அமலநாதன் அவர்களுக்கு" என்று பிரெஞ்சு மரியாதையாக ஆரம்பித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. காலேஜில் என்னோடு ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதினவனை "தாங்கள்" என்று நீ வேண்டுமானால் எழுது, என்னால் ஆகாது.

முதலில் ஒன்று. நீ போன் பண்ணினாய், நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான். எழுத்தில் வந்த வம்புக்கு எழுத்தில்தான் பதில். பேசினால் நான் கத்துவேன், நீ இலக்கணமாகப் பதில் சொல்வாய், நான் தோற்றுப் போவேன்.

நீ கேட்டபடி: கிளாட்வின் ஐயர் மே மாதம்தான் மாற்றலாகி வந்தார். இளைஞர். எதுவும் முறைப்படி இருக்க வேண்டும். உன் இடுகையை யாரோ பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவருக்குக் கேள்வி வந்தது: ஞானஸ்நானம் இல்லாதவர் உங்கள் சபையில் ஆராதனையை நடத்துகிறாராமே? அவர் கமிட்டியைக் கூட்டினார். ஞானஸ்நானம் பெறாத எவரும் பாட்டு நடத்தக் கூடாது, தையல்நாயகி சபையின் அங்கத்தினர் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை எழுதினவன் நான். எழுத்தர் வேலை எனக்கு மில் டைம் ஆபீசிலும் இதுதான், சபையிலும் இதுதான்.

வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஞானஸ்நானம் எடுத்துக்கொள், இல்லையென்றால் பாடாமல் உட்கார் என்றார். அவள், "வாய மூடினு உக்கார்றதுக்கு எனக்கு வூடே போதும், பஸ் சார்ஜாவது மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அவள் அம்மா எங்கள் சபை விடுதியில் சமையல் செய்தவள். இவள் சின்னப் பெண்ணாக அடுப்படியில் உட்கார்ந்து கீர்த்தனை கற்றவள். அவள் பந்திக்கு எழாததை எங்கள் சபையில் பார்க்காத கண் இல்லை. எத்தனை போதகர் வந்து போனார்கள், ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் மனைவிமார் கேட்கவில்லை. வம்புக்கென்றே கோயிலுக்கு வருகிற கிழவர்கள் நாலு பேர் உண்டு, அவர்களும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எங்கள் வழக்கம். ஆராதனைப் புத்தகத்தில் அச்சிடாத பகுதி அதுதான். இரண்டு வருஷம் பின் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் எப்போது எழுகிறோம், எப்போது உட்காருகிறோம் என்று எல்லாம் குறித்தாய். இதைக் குறிக்கவில்லை. நீ கேட்டாய்.

கேட்டதோடு நிறுத்தினாயா? மனசாட்சி, மறுப்பு என்று எழுதினாய். அவள் எழாததற்குக் காரணம் வேறு. அதைக் காகிதத்தில் எழுத மாட்டேன். நீயும் யோசிக்காதே. ஐயர் பேச்சு மூன்று மாதத்தில் ஆறிவிடும், நான் பேசிச் சரிசெய்கிறேன். அதுவரை அந்த வலைப்பதிவில் வேறு ஏதாவது எழுது. எங்கள் கோயில் மணியைப் பற்றி எழுதேன். அது வெடித்திருக்கிறது, யாருக்கும் வருத்தம் வராது.

தேவதாஸ்

---

லாஸ்பேட்டை
15.11.2007

திரு. தேவதாஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள நகைச்சுவைக்கு நன்றி. நகைச்சுவையை நீக்கிப் படித்தால் எஞ்சுவது இதுதான்: ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் தங்களுக்காகப் பாடினாள், அவளை நீக்கும் காகிதத்தைத் தாங்கள் தங்கள் கையாலேயே எழுதினீர்கள்.

கேட்காமலிருப்பது வழக்கம் என்கிறீர்கள். அதற்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். பாட்டை வாங்கிக்கொள்வது, பாடுகிறவரைப் பற்றி ஒன்றும் அறியாதது போல் இருப்பது, மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்ததும் அவரைக் கைவிடுவது, இம்மூன்றும் சேர்ந்ததற்குத் தமிழில் கோழைத்தனம் என்று பெயர். தங்கள் சபையார் கேட்காமலிருந்தது அவர்மீது கொண்ட மரியாதையால் என்றால், நீக்கும்போது ஒருவராவது எழுந்து ஏன் என்று கேட்டிருப்பார். அப்போதும் வழக்கத்தை மீறவில்லை.

காரணம் ஒன்று உண்டு, ஆனால் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லப்படாத காரணத்துக்கு ஆய்வாளன் கட்டுப்பட்டவனல்லன். என்னை, வேதம் புரட்டும் பதிதரின் கோயிலுக்குப் போகிறவன் என்று என் சொந்தக் கத்தோலிக்கப் பங்கில் ஏசினார்கள். அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு ஆண்டுகள் தங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். கோயில் மணியைப் பற்றி எழுதுவதற்காக உட்காரவில்லை.

நேற்றிரவு இரண்டாவது இடுகையை வெளியிட்டேன். 'ஒரு சபை தன் குரலை வெளியேற்றுகிறது' என்பது தலைப்பு. போதகர் கிளாட்வின் அவர்களின் பெயரையும், தாங்கள் தெரிவித்த தீர்மானத்தின் சாரத்தையும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கோயிலில் உள்ளவர்களிலெல்லாம் உண்மையான கிறிஸ்தவர் அந்த ஒருவர்தான், அவரது ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஞானஸ்நானம் என்று முடித்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமை உண்டு. காலையில் பார்த்தபோது சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் பின்னூட்டங்கள் வந்திருந்தன. வலைப்பதிவுத் திரட்டிகளில் முதல் பக்கத்தில் நிற்கிறது. தலைமையகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று மாதத்தில் ஆறுவதற்கு இது காப்பி அல்ல.

ச. அமலநாதன்

---

முத்தியால்பேட்டை
3.12.2007

அமலா,

சிரிப்பு எல்லாம் போய்விட்டது. கவனமாகப் படி.

வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளர் தையல்நாயகி வீட்டுக்கு வந்தார். தாலுகா ஆபீசுக்குப் பெயரில்லாத மனு ஒன்று போயிருக்கிறது. தையல்நாயகி கிறிஸ்தவர், ஊரை ஏமாற்றி இந்து ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறார், அந்தச் சான்றிதழில் அவர் மகள் சரிதாவுக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, ரத்து செய்யுங்கள் என்று. இணைப்பு: உன் இரண்டு இடுகைகள். "உண்மையான கிறிஸ்தவர் அந்த ஒருவர்தான்" என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்களாம். உனக்குப் பெருமையான வாக்கியம் அல்லவா, அவர்களுக்கும் பிடித்துவிட்டது.

எழுத மாட்டேன் என்று சொன்னதை இப்போது எழுதுகிறேன். உனக்கு எழுத்தில் சொன்னால்தான் ஏறும்.

நீ வரலாற்று வாத்தியார். சட்டம் உனக்குத் தெரியும், ஆனால் அது உன் வீட்டுக்குள் வந்ததில்லை. எங்கள் அப்பா ஞானஸ்நானம் எடுத்தார். அன்றிலிருந்து நாங்கள் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இல்லை. தெருவில் எங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதேதான் மறுநாளும் கூப்பிட்டார்கள், பட்டியலில் மட்டும் இல்லை. என் மகள் ஆஷ்லின் என்ன மார்க் வாங்கினாள், என்ன படிக்க ஆசைப்பட்டாள், இப்போது என்ன கடையில் பில் போடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். நீதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாய். தையல்நாயகி புருஷன் செத்த பிறகு, சரிதா கைக்குழந்தையாக இருந்தபோது, ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று வந்தாள். அப்போது இருந்த பெரிய ஐயர், செத்துப்போய்விட்டார், அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "புள்ள படிச்சு முடிக்கட்டும்மா. ஆண்டவர் காத்திருப்பாரு. கவர்மெண்ட் காத்திருக்காது." அதன் பிறகுதான் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நீ அதை இறையியல் என்று எழுதினாய் அமலா. அது சாதிச் சான்றிதழ்.

இப்போது இதையும் கேள். உனக்கு வயிறு எரியும். அவளைக் காப்பாற்ற எங்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் கிளாட்வின் ஐயர் கையெழுத்துப் போட்ட அந்தத் தீர்மானம். "இவர் எங்கள் சபையின் அங்கத்தினர் அல்ல." நீ உலகம் முழுக்க எதைக் கிழித்துப் போட்டாயோ அதைத்தான் நாளைக்கு நான் உறையில் போட்டு தாலுகா ஆபீசில் கொடுக்கப் போகிறேன். நீ ஐயரைத் திட்டி எழுதும் ஒவ்வொரு வரியும் அவளைக் கிறிஸ்தவளாக்குகிறது. தயவுசெய்து இரண்டையும் எடுத்துவிடு. அவளுக்காக ஒரு வார்த்தையும் இனிமேல் எழுதாதே. உன்னையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். பார்த்ததைச் சொல். பார்த்ததற்கு நீ கொடுத்த அர்த்தத்தைச் சொல்லாதே.

தேவதாஸ்

---

லாஸ்பேட்டை
9.12.2007

தேவதாஸ் அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட வண்ணம் இரண்டு இடுகைகளையும் நீக்கிவிட்டேன். நீக்கியதைத் தாங்கள் வெற்றியாகக் கருத வேண்டாம். இணையத்தில் நீக்குவது என்பது ஒரு மரியாதைச் சொல் மட்டுமே என்பதை இவ்வாரம் கற்றேன். தேடுபொறியில் பழைய நகல் நிற்கிறது. என் நீதியுணர்ச்சியை மெச்சிய மூன்று பேர் அதைத் தத்தம் பதிவுகளில் முழுமையாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினேன். ஒருவர், "மிரட்டலுக்குப் பணியாதீர்கள், நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்று பதில் போட்டார். அவர் இருப்பது டொரன்டோவில்.

நீக்குவதற்கு முன், தங்களிடம் சொல்லாமல், தையல்நாயகியைப் பார்க்கச் சேதராப்பட்டு போனேன். அவர் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியின் வாசலில், ஷிப்டு முடியும் வேளையில், பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். என்னைக் கண்டதும் உடன் வந்த பெண்களை முன்னால் போகச் சொன்னார்.

"பேனா கொண்டாந்திருக்கீங்களா சார்?"

இல்லை என்றேன்.

"அப்ப பேசலாம்."

அவருக்காகத்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் தருகிறேன். இந்த ஒரு திறமைதான் என்னிடம் மிச்சம்.

"யாரு கேட்டா சார்? எம்மேல தப்பா எழுதியிருந்தீங்கன்னா உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு கத்தியிருப்பேன். நல்லதா எழுதிட்டீங்க. நல்லதா எழுதுனவர எங்க போயி கத்துறது? ஆர்ஐ வந்தாரு. சாமி படம் எங்கன்னாரு. மாரியம்மன காட்டுனேன். பக்கத்துல இன்னா காலண்டர்னாரு. சபையில குடுத்தது, தேதி பாக்குறதுக்குன்னேன். அவரு போனதும் கழட்டிட்டேன். ஆணி மட்டும் நிக்குது. அதயும் புடுங்கணுமா சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

பேருந்து வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பி, "சரிதாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. அதுவரைக்கும் என்ன மறந்துடுங்க, புண்ணியமாப் போவும்" என்றார்.

இப்போது என் கோபம் தங்கள் சபையைக் கடந்து வேறிடத்தில் நிற்கிறது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டவுடன் சாதி கரைந்துபோகும் என்று நம் சட்டம் நம்புகிறது. கிறிஸ்தவ உலகத்தில் அந்தத் தண்ணீரின்மேல் இவ்வளவு விசுவாசம் வைத்தவர் வேறெவரும் இல்லை, போப்பாண்டவர்கூட இல்லை. தங்கள் தந்தையாரின் தெருவில் கரையாதது, என் பங்குக் கல்லறையில் கரையாதது, அங்கே இன்றும் சாதிக்கொன்றாக இரண்டு வரிசைகள் உண்டு, வருவாய்த் துறைக் கோப்பில் மட்டும் கரைந்துவிடுகிறது. ஒரு பெண் எந்தத் தெய்வத்துக்குரியவள் என்பதை ஓர் அலுவலர் வந்து அவள் சுவரைப் பார்த்து முடிவு செய்கிறார். சபைக்கு அவள் போதிய கிறிஸ்தவள் அல்லள். அரசுக்கு அவள் மிகையான கிறிஸ்தவள். இரு தரப்புக்கும் சான்றாக என் எழுத்தே பயன்படுகிறது.

அழைத்தால் வருவேன். பொய் சொல்ல மாட்டேன். அவர் ஒருமுறைகூடப் பந்திக்கு எழுந்ததை நான் பார்த்ததில்லை. அது உண்மை. அதற்குமேல் என்னிடம் ஒரு சொல்லையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ச. அமலநாதன்

---

முத்தியால்பேட்டை
21.1.2008

அமலா,

தாலுகா ஆபீஸ் பெஞ்சில் நீ ஒரு கோடி, நான் ஒரு கோடி, நடுவில் கிளாட்வின் ஐயர். பொங்கலுக்கு முந்தின வாரம் அது. உன்னோடு பேசலாம் என்று இரண்டு தரம் திரும்பினேன். நீ எதிரே இருந்த சுவரில் 'எச்சில் துப்பாதே' என்ற பலகையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். ஐயர் நடுவில் உட்கார்ந்து வேர்த்து ஊற்றினார். பாவம், அவருக்கும் முப்பத்திரண்டு வயதுதான்.

உள்ளே நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நீ உன்னைப் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐயர் தீர்மானத்தை நீட்டி, "எங்க சபை இல்ல சார், நானே எழுத்துல விலக்கியிருக்கேன்" என்றார். அதிகாரி உன் பக்கம் திரும்பினார். நீ பார்த்ததைச் சொன்னாய், அழகாக, பாடம் நடத்துவது போல. திருவிருந்தில் அப்பம் வாங்குவதுதான் அங்கத்தினருக்கு அடையாளம், தையல்நாயகி வாங்கி நான் பார்த்ததில்லை என்றாய். அதிகாரி பேனாவைத் திறந்து, "அப்ப கிறிஸ்தவங்க இல்லன்னு எழுதிக்கலாமா சார்?" என்று கேட்டார்.

நீ எழுந்து மேசையைக் கவிழ்த்துவிடுவாய் என்று நினைத்தேன். தையல்நாயகி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு. நீ அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எழுதிக்கொள்ளுங்கள்" என்றாய்.

அந்தச் சொல் உன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கோபத்தை முழுங்கினவன் குரல் அப்படித்தான் இருக்கும்.

இன்றைக்கு ஆர்டர் வந்துவிட்டது. மனு தள்ளுபடி. சான்றிதழ் செல்லும். சரிதா கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் அந்த மனுக்காரன் யாரென்று தெரியாது, கண் வைத்துக்கொண்டுதான் இருப்பான். அதனால் தையல்நாயகி இனிமேல் கோயில் வாசல் பக்கம்கூட வரக் கூடாது. பாடாமல் உட்காரவும் கூடாது. முன்பு ஐயர் போட்ட தடையை ஆற வைக்கலாம் என்று இருந்தேன். இப்போது அதை நாங்களே காவல் காக்கிறோம்.

நேற்று எங்கள் காலாண்டுத் திருவிருந்து ஞாயிறு, அவள் போன பிறகு முதலாவது. முதல் வரிசை எழுந்து போகும்வரை பாட்டு இருந்தது. இரண்டாவது வரிசை எழுந்ததும் மெலிந்தது. பெண்கள் பக்கம் எழுந்ததும் நின்றுவிட்டது. எடுத்துத் தாங்க ஆள் இல்லை. முதல் தரமாக எங்கள் கோயிலில் கால்கள் தேய்கிற சத்தம் கேட்டது. கிண்ணத்தைத் துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது. ஐயர் நிமிர்ந்து கடைசிப் பாயைப் பார்த்தார். ரசம் கொஞ்சம் சிந்தியது. ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றும்போது என்னிடம், "அண்ணே, அந்தம்மாவத் திரும்பக் கூப்பிட ஒரு வழியும் இல்லையா?" என்றார்.

"நீங்கதான ஐயா எழுதிக் குடுத்தீங்க" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அழுதுவிட்டார்.

அந்தப் பாயை யாரும் சுருட்டவில்லை. ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை.

உனக்கு வாசலில் இனித் தடையில்லை. வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. நீயாக வந்தால் பெஞ்சு அங்கேயேதான் இருக்கிறது.

தேவதாஸ்

---

லாஸ்பேட்டை
31.3.2008

தேவதாஸ்,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் "எழுதிக்கொள்ளுங்கள்" என்ற சொல் முன்னால் வந்து நின்றது. அவரை நான் ஒருமுறை உண்மையான கிறிஸ்தவர் என்று உலகுக்கு அறிவித்தேன். ஒருமுறை கிறிஸ்தவரே அல்லர் என்று அரசுக்கு அறிவித்தேன். இரண்டு முறையும் அவரை ஒருவரும் கேட்கவில்லை.

நான் யாரையும் மன்னித்துவிட்டதாக எண்ணாதே. கிளாட்வினின் கண்ணீரால் அந்தத் தீர்மானத்தில் ஒரு சொல்கூட அழியவில்லை. அதிகாரி எழுதி முடித்ததும் கும்பிட்டுவிட்டு வந்தோமே, அந்தக் கும்பிடுக்காக நம் இருவரையும் நான் மன்னிக்கப் போவதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவளிடம் எந்தக் கிணற்றைக் கும்பிடுகிறாய் என்று கேட்கும் சட்டத்தை ஒரு நாளும் மன்னிக்கப் போவதில்லை. இவற்றை எழுதும் உரிமை எனக்கு இல்லாமல் போனதுதான் எல்லாவற்றிலும் கசப்பு. கைவசம் இத்தனை சினம் இருந்தும் அதில் ஒரு வரியைக்கூட வெளியிட முடியாத நிலைக்கு ஓர் எழுத்தாளன் வருவது என்ன தண்டனை என்பதை உன் மில்லின் டைம் ஆபீஸ் அறியாது.

வலைப்பதிவை மூடிவிட்டேன். மணியைப் பற்றிய இடுகைகூட இல்லை.

ஆய்வேட்டின் நான்காம் இயல் மட்டும் பாக்கி இருந்தது. திருவிருந்து வேளையின் பாட்டைப் பற்றிய இயல். அதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றாகும். ஆகவே எழுதினேன். "வரிசைகள் எழுந்து செல்லும்போதும் பாட்டு இடையறாது ஒலித்தது; அதைத் தாங்கியவர் சபையில் இருந்தவர்களுள் ஒருவர்" என்று எழுதினேன். ஆண் என்றோ பெண் என்றோ இல்லை. பாயும் இல்லை. அவர் எழுந்தாரா எழவில்லையா என்பதும் இல்லை. ஊரைக்கூட மாற்றிவிட்டேன்.

பேராசிரியர் ஹரிகிருஷ்ணன் சென்ற வாரம் இயலைத் திருப்பி அனுப்பினார். அந்த வரிக்கு எதிரே பச்சை மையில், "யார்? பெயரும் ஆதாரமும் இன்றி இது ஆய்வாகாது" என்று எழுதியிருந்தார். சரியான கேள்வி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே என் மாணவனிடம் கேட்டிருப்பேன்.

நேற்று தொலைபேசியிலும் கேட்டார். "அமலநாதன், யார் அவர்?" என்றார்.

உங்கள் சபையின் அச்சிடாத முறைப்படி நடந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கடைசிப் பாய் கண்ணில் படாத இடமாகப் பார்த்து பெஞ்சை நகர்த்திப் போடு.

அமலன்